கீழே நிற்கிற ஆள்

கட்டைப்பையைக் கேட்டபோதே சென்னியப்பனுக்கு விளங்கிவிட்டது. காலையில் வாஷ்பேசினில் பல் விளக்கிக்கொண்டிருந்தவரிடம் தங்கச்சி மகள் சுகன்யா வந்து நின்று, "மாமா, உங்க கட்டப்பை நல்லாக் கெட்டியா இருக்குது, நாளைக்கு அதையே எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். வாய் நிறைய நுரையோடு அவரும் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. இந்த வீட்டில் பைக்கா பஞ்சம்? சக்கரம் வைத்த பை, முதுகில் மாட்டுகிற பை, மாப்பிள்ளை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போகிற பை, எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. வந்த அன்றைக்கே குனிந்து பார்த்து வைத்திருக்கிறார். அத்தனையையும் விட்டுவிட்டு, தாராபுரத்து ஜவுளிக்கடை பேர் போட்ட, பிடி இரண்டும் கறுத்துப்போன அவருடைய கட்டைப்பை எதற்கு? பை வேண்டியதில்லை, பையோடு வருகிற ஆள்தான் வேண்டும். அதற்குத்தான் இந்த உபசாரமெல்லாம். "கண்ணாடி மாத்தித் தர்றேன், கோயமுத்தூருக்கு வாங்க மாமா" என்று அவள் போன் போட்டது, பஸ் ஸ்டாண்டுக்கே மாப்பிள்ளையை அனுப்பியது, கண் டாக்டரிடம் காட்டி முடித்த மறுநாளே, "ஞாயித்துக்கெழமை எல்லாருமா அந்த ராட்டினப் பூங்காவுக்குப் போறோம், நீங்க வந்தே ஆகோணும்" என்றது, எல்லாம் ஒரே நூலில் கோத்த மாதிரி வரிசையாக வந்திருக்கிறது. அவள் இதுவரைக்கும் அந்த இடத்துக்குப் போனதில்லை, மாப்பிள்ளையும் போனதில்லை, முதல் தடவை போகிறவர்கள் எதற்கு ஒரு கிழவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்? ராமாத்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டபோது, "ஆசையாக் கூப்புடுது புள்ள, போயிட்டு வாங்களேன்" என்றாள். அதோடு விட்டாளா? "நீங்க செத்தாக்கூட பாடையில படுத்துக்கிட்டு எவன் வரலைன்னு பாப்பீங்க" என்று சேர்த்துக்கொண்டாள். வீட்டுக்காரிக்கு என்ன தெரியும். அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு ஊரில் இருக்கிறாள்.

மதியச் சாப்பாடு முடிந்து உள் அறையில் பாயை விரித்துப் படுத்திருந்தார். கண்ணை மூடியிருந்தாரே தவிரத் தூங்கவில்லை. தூங்குகிறவன் மூச்சு எப்படி இருக்கும் என்று யோசித்து அதே மாதிரி விட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டக்கென்றது. அந்த டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவில்தான் முன் அறையிலிருந்து பேச்சு காதில் விழுந்தது. கதவை முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. முழுதாகச் சாத்தியிருந்தால்கூட ஒன்றும் தோன்றியிருக்காது. "மெதுவாப் பேசும்மா, மாமா தூங்கறாரு" என்று சுகன்யா சொல்வது கேட்டது. தூங்குகிறவனுக்காகவா மெதுவாகப் பேசுகிறார்கள்? கேட்டுவிடக் கூடாதென்று மெதுவாகப் பேசுகிறார்கள். மாப்பிள்ளை நவீன் செல்போனைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தான். தண்ணியில் விளையாட வேறு துணி கொண்டுபோக வேண்டும், சேலை கட்டிக்கொண்டு சில ராட்டினத்தில் ஏற முடியாது, வெளியில் செய்த சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். "அதென்ன கெரகம்" என்றாள் தங்கச்சி பாவாயி. "புளிசோத்தக் கட்டிக்கலாம்னு நான் புளியவே ஊற வெச்சுட்டேன்." "செக் பண்ணுவாங்க அத்தை." "செக் பண்ணுனா? அடியில சோத்துப் போசிய வெச்சு மேல துணியப் போட்டு மூடிக்கறது. பெரியவங்க கையில குடுத்து உட்டா எவன் தொறந்து பாக்கறான்?" மாப்பிள்ளை சிரித்தான். சுகன்யாவும் சிரித்தாள். சென்னியப்பனுக்கு உள்ளங்கால் சூடேறியது. பெரியவங்க என்றால் வேறு யார்? நாளைக்கு வாசலில் நீலச்சட்டை போட்ட காவல்காரன் ஒருவன், பேத்தி வயசுப் பிள்ளைகள் வரிசையாக நிற்க, கட்டைப்பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பான். துண்டு விழும், பாவாடை விழும், கடைசியில் எவர்சில்வர் போசி விழுந்து உருளும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பை யார் கையில் இருக்கும்?

பை எப்போதும் அவர் கையில்தான் இருந்திருக்கிறது. சுகன்யாவுக்குக் காது குத்திய அன்றைக்கும் அப்படித்தான். அப்போது அவளுக்கு ஒரு வயசு முடிந்திருந்தது. பாவாயி புருஷன் வீட்டுக் குலதெய்வம் கருப்பராயன் கரட்டு மேலே இருக்கிறார். வேன் அடிவாரத்தோடு நின்றுவிடும், அப்புறம் கல்லிலும் முள்ளிலும் நடைதான். அடிவாரம் முழுக்கக் குரங்கு. வேனின் கண்ணாடி ஒன்று உடைந்திருந்ததால் உள்ளே எதையும் வைக்க முடியாது. தேங்காய் பழம், சமையல் சாமான், ஆளாளுக்குக் கொண்டுவந்த பைகள் எல்லாவற்றையும் ஒரு வேப்பமரத்தடியில் குவித்துவிட்டு, யாராவது ஒருவர் நிற்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. அந்தத் திரும்பலை அவர் இன்னும் மறக்கவில்லை. பாவாயி புருஷன், செத்துப்போனவன், அவனைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லக் கூடாது, அவன்தான், "மச்சான், நீங்க சித்த நேரம் பாத்துக்கங்க, மொட்டையடிச்சதும் ஆளனுப்பறோம், காது குத்தறதுக்குள்ள வந்துருவீங்க" என்றான். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் அவர். மூத்த மாமன். கடைத்தெருவெல்லாம் அலைந்து வாங்கிய தங்கத் தோடு வேட்டி மடிப்பில் முடிச்சாக இருந்தது. தோடு அவரிடம் இருக்கும்போது அவர் இல்லாமல் எப்படிக் குத்துவார்கள் என்ற தைரியத்தில் சரி என்றார். கையில் வேப்பங்கொம்பை வைத்துக்கொண்டு குரங்குகளைப் பார்த்து நின்றார். குரங்குகள் அவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. மேலே மேளம் கேட்டது. கரட்டு விளிம்பில் எந்த நேரமும் ஒரு தலை எட்டிப்பார்த்து, அண்ணா வாங்க என்று கூப்பிடும் என்று அண்ணாந்தே நின்றதில் கழுத்து வலித்தது. ஒரு தலையும் வரவில்லை. பிறகு எல்லோருமே இறங்கி வந்தார்கள். மொட்டைத்தலையும் சந்தனமுமாகப் பிள்ளை அவருடைய தம்பி மாரப்பன் தோளில் இருந்தது. இரண்டு காதிலும் தோடு மின்னியது. "நேரம் தப்பிரும்னு ஆசாரி அவசரப்படுத்திட்டாருங்ணா, சின்னண்ணன் மடியில வெச்சுக் குத்தியாச்சு" என்றாள் பாவாயி. ஆளனுப்பினோம் என்றார்கள். யாரை அனுப்பினீர்கள் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். அது போகட்டும். ஆள் வராததைக்கூட விட்டுவிடலாம். அந்தத் தோடு எங்கிருந்து வந்தது? அவருடைய தோடு மடிப்பில் அப்படியே கிடக்க, மாரப்பன் கையில் இன்னொரு தோடு எப்படி இருந்தது? முன்னாலேயே வாங்கி வைத்திருக்கிறான். முன்னாலேயே எல்லாம் பேசி வைத்திருக்கிறார்கள். தம்பியோடு பேச்சை விட்டது அன்றைக்குத்தான். சுகன்யா கல்யாணத்துக்குப் போனார், மாமன் முறை மாலையைப் போட்டார், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். அவர் வாங்கிய தோடு இன்னும் வீட்டுப் பீரோவில் மாத்திரை டப்பாவுக்குள் கிடக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை.

டக் என்றது விசிறி. மரை ஏதோ கழன்றிருக்கிறது, யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. இதையே பார்க்காதவர்கள் அவ்வளவு பெரிய ராட்டினத்தின் மரையை எல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்? நேற்று சுகன்யா செல்போனில் படம் ஓட்டிக் காட்டினாள். ரயில் மாதிரி ஒன்று, கூரை கிடையாது. மடி மேல் ஒரு கம்பி வந்து அழுத்துகிறது. ஏதோ சங்கிலி இழுப்பதுபோல் கடகடவென்று மெதுவாக மேலே போகிறது, உச்சியில் போய் ஒரு நொடி சும்மா நிற்கிறது, அப்புறம் தலைகுப்புற விழுகிறது. எல்லோரும் கத்துகிறார்கள். கத்திக்கொண்டே கையைத் தூக்குகிறார்கள். பிடிக்க வேண்டிய நேரத்தில் கையை விடுகிற கூட்டத்தை அவர் இப்போதுதான் பார்க்கிறார். "இதுல நீங்க என்ற பக்கத்துல உக்காரோணும் மாமா" என்றாள் அவள். அவர் "ம்" என்றார். அந்த ஒரு நொடி, உச்சியில் சும்மா நிற்கிற அந்த ஒரு நொடியைப் பார்த்தபோது அவர் தொப்புளுக்குக் கீழே என்னவோ சில்லென்று கழன்றது. அது அவருக்குத் தெரிந்த சில்லிப்புதான். கிணறு வெட்டுகிற கூட்டத்தில் இருந்தவர் அவர். பாறை தட்டின கிணற்றுக்குள் இரும்புக் கூடையில் நின்றபடி, ஒற்றைக் கம்பிவடத்தில் இறங்கிப் போவார். கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கிணறு தெரியாது, கிணற்றுக்குள் இருக்கிறவனுக்குக் கிரேன் தெரியாது. நடுவில் கிணற்று விளிம்பில் ஒரு ஆள் இருந்து கையைக் காட்ட வேண்டும். இறக்கு, நிறுத்து, தூக்கு. அந்த ஆள் மாரப்பன். அவன் எப்போதும் மேலே, இவர் எப்போதும் கீழே. கூடை தரையைவிட்டுக் கிளம்பி அந்தரத்தில் ஒரு நொடி தொங்கும்போது வரும் அந்தச் சில்லிப்பு. அண்ணாந்து பார்ப்பார். வட்டமாக வானம் தெரியும், தட்டு அகலத்துக்கு. அந்தத் தட்டின் ஓரத்தில் சிவப்புத் துண்டு கட்டிய ஒரு தலை தெரியும். தெரிந்ததும் சில்லிப்பு நின்றுவிடும். அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும்? அவன் வேலை அது, செய்தான். அதிலும் ஒழுங்காகவா செய்தான்? மற்ற கூட்டத்திலெல்லாம் கைகாட்டுகிறவன் விளிம்பில் நின்றுதான் கைகாட்டுவான். மாரப்பன் மட்டும் வயிற்றைத் தரையில் போட்டுப் படுத்துக்கொண்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு கிடப்பான். சோம்பேறி. "பல்லியாட்டம் ஒட்டிக்கிட்டுக் கெடக்கான் பாரு" என்று இவர்தான் முதலில் சொன்னார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அப்புறம் அவன் பேரே பல்லி மாரப்பன் ஆகிவிட்டது. அவனும் சிரித்துக்கொண்டேதான் அதை வாங்கிக்கொண்டான். சிரிக்கிறவனைத்தான் நம்பக் கூடாது.

"உங்க மாமாவுக்கு பிரஷர் கிஷர் இருக்குதா? அதெல்லாம் இருந்தா ஏத்தமாட்டாங்களாம்" என்றான் மாப்பிள்ளை. "அவருக்கு எங்க இருக்குது, அவரு மத்தவங்களுக்குக் குடுப்பாரு" என்றாள் பாவாயி. மூன்று பேரும் சிரிப்பை அடக்குவது கேட்டது. சிரியுங்கள். சென்னியப்பன் ஒருக்களித்துப் படுத்தார், தூக்கத்தில் புரள்கிறவன்போல. அப்போது பாவாயி குரலை இன்னும் தாழ்த்தி, "அவருகிட்ட இப்பச் சொல்லீராத சாமி" என்றாள். "சொன்னா இன்னைக்கே பஸ் ஏறிருவாரு." "நான் எதுக்குச் சொல்றேன், அங்க போயிப் பாத்துக்கலாம்" என்றாள் சுகன்யா. டக், டக் என்றது விசிறி. எதைச் சொல்லக் கூடாது? பை விஷயமாக இருந்தால் சொல்லாமல் இருப்பார்களா? அதைத்தான் பட்டப்பகலில் பல் விளக்கும்போதே கேட்டுவிட்டாளே. அப்படியானால் பைக்கு மேலே இன்னொன்று இருக்கிறது. கண் டாக்டர் ஏதாவது சொல்லியிருப்பாரோ? டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சுகன்யாவோடு கொஞ்ச நேரம் பேசினார். கண்ணாடிக்கு அவ்வளவு பேச்சு எதற்கு? அல்லது வேறு ஏதாவது காரியமா, நாலு பேர் நடுவில் வைத்து அவர் தலையாட்ட வேண்டிய காரியம்? கம்பி மடி மேல் விழுந்த பிறகு எழுந்து போக முடியாது. அந்த நேரம் பார்த்துக் கேட்பார்களோ? உச்சியில் நிற்கிற அந்த ஒரு நொடியில், மாமா ஒரு விஷயம் என்று ஆரம்பித்தால்? அவருக்கே அது கிறுக்குத்தனமாகப் பட்டது. பட்டாலும் விட முடியவில்லை. சாயங்காலம் தாராபுரத்துக்கு நிறைய பஸ் உண்டு. வயிறு சரியில்லை என்று சொல்லலாம். புளிசோறு ஆகாது என்று சொல்லலாம். கட்டைப்பையை எடுத்து, வேட்டி இரண்டையும் அதில் போட்டு, புதுக் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்து நடையைக் கட்டினால், நாளைக்கு நிற்பதற்கு அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பை மடித்தபடி சுகன்யா கையில் அல்லவா இருக்கிறது. காலையிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதையும் யோசித்துத்தான் செய்திருக்கிறாள்.

முன் அறையில் பேச்சு நகைக்குப் போயிருந்தது. "சங்கிலி வளையல் எல்லாம் வீட்லயே கழட்டி வெச்சிரும்மா. வேகத்துல கழண்டு விழுந்துருச்சுன்னா அப்புறம் நாம ராட்டினத்துக்கு அடியில தேடிக்கிட்டு நிக்கோணும். நானும் ஒரு கவரிங் தோடு போட்டுக்கறேன்" என்றாள் சுகன்யா. "கவரிங்கா?" பாவாயி குரல் உயர்ந்துவிட்டது, தூங்குகிறவரை மறந்துவிட்டாள். "உன்ற காதுக்குக் கவரிங் ஆகுமாடி? உனக்குக் காது குத்துன அன்னைக்குப் பட்ட பாடு போதாதா? பெரியண்ணன் வாங்குன தோடு கீழ அவருகிட்ட மாட்டிக்கிச்சு, நேரம் போகுதுன்னு ஆசாரி தன்ற பொட்டியில கெடந்த கவரிங்க எடுத்து மாட்டி உட்டுட்டான். ரெண்டாம் நாளே காது சீப்புடிச்சு வீங்கி, நீ ராவும் பகலும் கத்துன கத்து. சின்னண்ணன்தான் உன்னத் தோள்ல போட்டுக்கிட்டு ஆசுபத்திரிக்கு நடையா நடந்துது." அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள், எந்தச் சட்டை, எந்தச் செருப்பு என்று. சென்னியப்பன் போகவில்லை. ஆசாரி பெட்டியில் கிடந்த கவரிங். அவர் காதில் அது மட்டும் நின்றுகொண்டது. ஆசாரி பெட்டியில் இருந்ததா, மாரப்பன் கையில் இருந்ததா? மாரப்பன் கையில் இருந்ததாக யார் சொன்னது? யாரும் சொன்னதாக நினைவில்லை. அவராகத்தான் பார்த்தார். என்ன பார்த்தார்? பிள்ளை காதில் மின்னியதைப் பார்த்தார். மின்னியது தங்கம் என்று எப்படித் தெரியும்? அந்த வெயிலில் எதுவும்தான் மின்னும். சரி, கவரிங் என்றால் கவரிங், அவனே கவரிங்காக வாங்கி ஆசாரியிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கலாம், கஞ்சன்தானே. இப்படி நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரம்தான். திட்டம் போட்டு அண்ணனின் இடத்தைப் பிடிக்கிறவன், மருமகள் காதுக்குப் பித்தளையா வாங்குவான்? ஊர் முன்னால் பெருமைக்காகவாவது தங்கம் வாங்கமாட்டானா? எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அந்தக் கவரிங் உட்கார மறுத்தது. செருப்புக்குள் விழுந்த சின்னக் கல் மாதிரி. நிற்கும்போது தெரியாது, நடக்க ஆரம்பித்தால் குத்தும். பாவாயி எதற்காக இதை இப்போது சத்தமாகச் சொன்னாள்? நான் கேட்க வேண்டும் என்றே சொன்னாளோ? ஆனால் அவள் குரலில் அப்படி ஒன்றும் இல்லை. அவளுக்குப் பொய் சொல்லவும் வராது, சின்ன வயசிலிருந்தே மாட்டிக்கொள்வாள்.

போன் அடித்தது. துணி மடித்துக்கொண்டிருந்தாள்போல, சுகன்யா அதை ஸ்பீக்கரில் போட்டாள். "பாப்பா, நாந்தான்" என்றது ஒரு குரல். சென்னியப்பன் மூச்சு நின்றது. தூங்குகிறவன் மூச்சை விடுவதற்கு மறந்துவிட்டார். கிழட்டுக் குரல். நடுவில் இருமல். ஆனால் அந்தப் 'பாப்பா'வில் வருகிற இழுப்பு மாறவில்லை, அது அவர்கள் அப்பனுடைய இழுப்பு. "நான் காலையில மொத பஸ்ஸுக்கே ஏறிருவேன். அண்ணங்கிட்டச் சொல்லிட்டீங்களா?" "இல்லீங்க சின்ன மாமா. சொன்னா வரமாட்டாரு." "அங்க வந்து என்னையப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாருன்னா?" "உள்ள போனதும் கையில ஒரு பட்டையக் கட்டி உட்ருவாங்க, எங்கயும் ஓட முடியாது" என்றாள் சுகன்யா. "அப்படியா, மாட்டுக்கு மூக்கணாங்கவுறு போட்ட மாதிரி" என்று சிரித்தது அந்தக் குரல். இருமியது. "இங்க பாரு பாப்பா. எனக்கு அந்த மேல ஏர்றதெல்லாம் ஆகாது. நான் கீழயே நின்னுக்கறேன். பைய எல்லாம் என்கிட்டக் குடுத்துருங்க. அண்ணன் ஏறட்டும். அன்னைக்குக் கரட்டுக்கு அவரு கீழ நின்னாரு. இந்த வாட்டி நான் நிக்கறேன்." "அதெல்லாம் பைய வெக்க லாக்கர் இருக்குது மாமா. ஏன் பயப்படறீங்க? கெணத்து மேட்டுல நின்ன ஆளுதான நீங்க?" "நின்னனா? எவன் நின்னான்? படுத்துக்கிட்டில்ல கெடந்தேன். நின்னு எட்டிப் பாத்தன்னா கெணறு என்னைய இழுக்கற மாதிரி இருக்கும். தலை கிர்ருனு சுத்தும். கீழ அண்ணன் நிக்கறாரு, பாக்காம இருக்க முடியுமா? அதுக்குத்தான் படுத்துக்குவேன். அதுக்கு எனக்குப் பல்லின்னு பேரு. போச்சாது, உடு." மறுபடி அந்தச் சிரிப்பு. சுகன்யாவும் சிரித்தாள். பாவாயி மட்டும், "மெதுவா, மெதுவா" என்றாள்.

பொய், என்று முதலில் நினைத்தார். இப்போது சொல்வான், கேட்பதற்கு ஆள் இருக்கிறதே. தலை சுற்றுகிறவன் அந்த வேலைக்கு எதற்கு வந்தான்? வேறு வேலையா இல்லை? வந்தான், ஏன் வந்தான்? இவர் கூப்பிட்டார், வந்தான். வேற்றாள் கையை நம்பி நான் கம்பிவடத்தில் தொங்கமாட்டேன், என் தம்பிதான் மேலே இருக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் ஒற்றைக்காலில் நின்றவர் இவர்தான். அதை அவர் மறந்துபோயிருந்தார். மறக்கவில்லை, அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. கிணற்று அடியில் வேட்டு வைக்கக் குழி போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் அந்தத் தலை இருக்கும். தண்ணீர் குடிக்க நிமிர்ந்தால் இருக்கும். சும்மா நிமிர்ந்தாலும் இருக்கும். வெயிலுக்கு நகர்ந்ததில்லை, பீடி பிடிக்கப் போனதில்லை. ஒரு தடவை அடைமழையில் எல்லோரும் கிரேனுக்கு அடியில் ஒதுங்கிவிட்டார்கள், இவரைத் தூக்க மறந்துவிட்டார்கள். இவர் கீழே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அண்ணாந்தார். மழை கண்ணில் குத்தியது. சிவப்புத் துண்டு நனைந்து கறுப்பாகி, அதே இடத்தில் இருந்தது. அவன் வாய் திறந்து மூடுவது தெரிந்தது, கிரேன்காரனைக் கத்திக் கூப்பிட்டிருக்க வேண்டும். தலை சுற்றுகிறவனா அப்படிக் கிடப்பான்? தலை சுற்றுகிறவன்தான் அப்படிக் கிடப்பான். நிற்கிறவன் ஒதுங்கிப் போயிருப்பான். இது போய் முடிகிற இடம் சென்னியப்பனுக்குப் பிடிக்கவில்லை. அவன் ஏன் கீழே நிற்கிறேன் என்கிறான்? அதிலும் ஏதோ இருக்கிறது. என் இடத்தை எடுத்துக்கொள்கிறான். அன்றைக்கு மடியை எடுத்துக்கொண்டான், இப்போது மரத்தடியையும் எடுத்துக்கொள்கிறான். இத்தனை வருஷமாகக் கீழே நின்ற ஆள் நான் அல்லவா, நாளைக்கு அவனே பையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் நான் எதை வைத்துக்கொண்டு இருப்பேன்? இதை நினைத்ததும் அவருக்கே கூச்சமாக இருந்தது, கட்டைப்பையைக் கவிழ்த்து எல்லோர் முன்னாலும் போசி உருண்டதுபோல. மறுபடி உச்சியில் சும்மா நிற்கிற அந்த ஒரு நொடி வந்தது. வயிற்றில் சில்லென்று கழன்றது. அண்ணாந்து பார்த்தார். கண்ணை மூடியபடியே அண்ணாந்து பார்த்தார். அங்கே உச்சிக்கு மேலே ஒன்றுமில்லை, வெறும் வானம்தான். அவ்வளவு உயரத்தில் அண்ணாந்து என்ன ஆகப்போகிறது. குனிந்துதான் பார்க்க வேண்டும்.

"மாமா, எந்திரிங்க, காப்பித்தண்ணி" என்றாள் சுகன்யா. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பாய் ஓரத்தில் டம்ளரை வைத்தாள். அவர் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நல்லாத் தூங்குனீங்களா?" "எங்க" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள், அங்கே பாவாயி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். விசிறி டக்கென்றது. "இந்த மரைய முடுக்கச் சொல்லு மாப்பிள்ளையை" என்றார். "சரிங்க மாமா." காப்பியை ஆற்றி ஒரு வாய் குடித்தார். சர்க்கரை அவருக்குத் தக்கபடி தூக்கலாகவே இருந்தது, அதிலும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்து போயிற்று. "அந்த ராட்டினத்துல, உச்சிக்குப் போனா, கீழ நிக்கறவங்க தெரிவாங்களா?" "தெரிவாங்க மாமா. எறும்பாட்டம்." "கண்ணாடி போட்டுக்கிட்டு ஏறலாமா?" "கழட்டிக் குடுத்துரோணுங்க. விழுந்துரும்." அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகன்யாவின் காது அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. துளை கொஞ்சம் கீழே இழுத்து, வடு விழுந்து, கோணலாக இருந்தது. இத்தனை நாள் அதை அவர் பார்த்ததே இல்லை. "அப்படின்னா அவனைத் தலையில செகப்புத் துண்டு கட்டிக்கிட்டு வரச் சொல்லு" என்றார். "யாரைங்க மாமா?" என்று கேட்டுவிட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாவாயி வாசலில் இருந்தபடியே, "அண்ணா, சின்னண்ணனுக்கு முட்டி வலி. அதால ரொம்ப நேரம் நிக்க முடியாதுங்ணா" என்றாள். "நிக்க முடியலைன்னா படுத்துக்கட்டும். நான் எறங்கற வரைக்கும் அக்கட்டால இக்கட்டால போகக் கூடாது. தலை எனக்குத் தெரியோணும்" என்றார் சென்னியப்பன். மீதிக் காப்பியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பைய லாக்கர்லயே போட்டுப் பூட்டிருங்க. அவன் பையப் பாக்க வேண்டியதில்லை. என்னையப் பாத்தாப் போதும்."